விஜயதசமியன்று ஊமையான கிட்டார்

விஜயதசமி காலையில் என் கிட்டார் ஊமையாகிக் கிடந்தது. கம்பியைத் தட்டினால் கம்பி மட்டும் டிக் டிக் என்றது. அதைக் கொழுவியிருந்த ரேடியோவுக்குள்ளிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

மின்சாரக் கிட்டாரைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணக் கிட்டாருக்கு இருப்பதுபோல அதற்கு வயிறு கிடையாது. முழுக் கட்டை. கம்பி அதிர்வதைக் கட்டையில் பதித்த காந்தச் சுருள் பிடித்து, வயர் வழியாக அனுப்பி, கடைசியில் ஸ்பீக்கர்தான் பாட வேண்டும். நடுவில் எங்கே அறுந்தாலும் கையில் இருப்பது விறகு. நல்ல வர்ணம் அடித்த விறகு.

கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. வெளிநாட்டுச் சாமான்கள் நாட்டுக்குள் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. கிட்டார், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு பறங்கியரிடமிருந்து எனக்குக் கைமாறியது. அதற்கேற்ற அம்ப்ளிபயருக்கு நான் எங்கே போவேன்? கடையின் பின்னறையில் பழைய வால்வ் ரேடியோ ஒன்று இருந்தது. கிராமபோன் பெட்டியைக் கொழுவுவதற்கென்று அதன் முதுகில் இரண்டு துளைகள். அதில் வயரைச் செருகிக்கொண்டு, கடை பூட்டிய பிறகு காய்ந்த மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தும்மித் தும்மி வாசிப்பேன். அப்பா முன்பக்கத்திலிருந்து, "இந்த டொங்கு டொங்கு எப்படா நிக்கும்?" என்பார். தினமும் கேட்பார். தினமும் அதே வார்த்தைகள்.

அன்றைய பின்னேரம் அந்த டொங்கு டொங்குக்குப் பரீட்சை. குளத்துக்கு மேலே மலையில் இருக்கும் ஒரு ஹோட்டலின் வாத்தியக் குழுவில் கிட்டார் வாசித்தவன் கொழும்புக்குப் போய்விட்டான். வந்து வாசித்துக் காட்டும்படி எனக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டால் நான் கண்டியில் இருப்பேன். எடுக்காவிட்டால் அடுத்த கிழமை மாமா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் விற்கிற கடை வைத்திருந்தார். அவருக்கு ஒரு கையாள் தேவை. அப்பா என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். "கையில ஒரு தொழில் இல்லாம எத்தன நாளைக்குத் திரிவ?" என்பது அவர் வாதம். தொழில் என்றால் அப்பாவுக்கு நிறுப்பது, அளப்பது, கட்டிக் கொடுப்பது. ஹுன்னஸ்கிரியவில் பின்னேரமானால் மூடுபனி இறங்கும், கடைசி பஸ் போய்விடும், அதற்குப் பிறகு மாமாவின் இருமல் மட்டும்தான். 

இந்த ஆத்திரத்தில்தான் முந்தின நாள் ஆயுத பூசைக்கு நான் கடையில் நிற்கவில்லை. எங்கள் கடையில் அது பெரிய விசேஷம். தராசு, படிக்கற்கள், சாக்குக் கொக்கி, கோணி ஊசி என்று தொழிலுக்கு உதவுகிற எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து சாமி படத்துக்கு முன்னால் பரப்பிவிடுவார்கள். விஜயதசமி காலையில் எடுக்கும்வரை ஒருவரும் தொடக் கூடாது. அப்பா பொரி கடலையும் அவலும் தட்டில் நிரப்பிக்கொண்டிருந்தபோது நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வெளியே போய்க் குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பசித்ததும் வீட்டுக்கு வந்து அம்மா எடுத்து வைத்திருந்த சுண்டலைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை பின்னறைக்குப் போனேன். கிட்டார் வழக்கமான மூலையில் சாய்ந்து நின்றது. உடம்பெல்லாம் சந்தனக் கீற்றும் குங்குமமும். பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. அம்மாவின் வேலை என்று நினைத்தேன். ரேடியோவுக்கும் வைத்திருந்தது, அலுமாரிக்கும் சைக்கிளுக்கும் வைத்திருந்தது. சும்மா நின்றிருந்தால் எனக்கும் வைத்திருப்பாள். ஈரத் துணியால் கிட்டாரை நன்றாகத் துடைத்தேன். வயரைச் செருகினேன். தட்டினேன். டிக்.

ரேடியோவைத்தான் முதலில் சந்தேகித்தேன். வயரைக் கழற்றிவிட்டு நிலையத்தைத் திருப்பினால் பக்திப் பாட்டு கணீரென்று வந்தது. ரேடியோவுக்கு ஒன்றும் இல்லை. பிறகு வயர். அதன் இரண்டு முனைகளிலும் ஈயம் வைத்தது நான்தான். என் கைவேலையில் எனக்கே அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பிளக்கின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பிடித்து இழுத்தும் பார்த்தேன். ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குள் மிளகாய்த் தூள் போயிருக்குமோ என்று அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரல் வலிக்கத் திருகினேன். முன் சுருள், பின் சுருள் என்று சுவிட்சை மாற்றி மாற்றித் தட்டினேன். டிக், டிக்.

"நல்ல நாள் அதுவுமா எதுக்குடா அந்தக் கட்டையோட மல்லுக்கட்டுற? வந்து சாப்பிடு" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"சத்தம் வரலம்மா."

"கொஞ்ச நேரம் கழிச்சி வரும்" என்றாள், ஏதோ தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசுவதுபோல.

நான் சாப்பிடவில்லை. கிட்டாரைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ் ஏறினேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ரேடியோ பாஸ், அதாவது ரேடியோ திருத்துகிறவர், இருந்தார். மடவளைக்காரர், முஸ்லிம், நானா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் கடை ரேடியோவுக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர்தான். பஸ் வத்தேகமப் பக்கம் போகிற சனத்தால் பிதுங்கியது. என் கிட்டாரின் கழுத்து ஒரு பெரிய மனிதரின் காதருகே முட்டிக்கொண்டிருக்க, அவர் ஒவ்வொரு வளைவிலும் திரும்பி என்னை முறைத்தார். எனக்கு அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கக்கூடப் பொறுமையில்லை. பஸ் நின்று ஆள் ஏற்றும்போதெல்லாம் காலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பாஸ் கிட்டாரை மேசையில் படுக்கவைத்து, ஒரு சேவலை வாங்க வந்தவர் மாதிரி மேலும் கீழும் பார்த்தார்.

"மொதலாளி சொகமா ஈக்கிறாரா?"

"அப்பா சொகமா இருக்கிறார் நானா. இது பின்னேரத்துக்குள்ள பேசோணும்."

"பேச வைப்போம்."

அவர் பிளக்கைச் செருகி, வயரின் மறுமுனையில் தன் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் வைத்தார். முள் அசையவில்லை. சுவிட்சை மாற்றினார். அப்போதும் அசையவில்லை. வயரை மட்டும் தனியாகக் கழற்றி வைத்துப் பார்த்தார். முள் துள்ளி விழுந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, செய்தி சொல்ல வந்த டாக்டரைப்போல என்னைப் பார்த்தார்.

"வயர் நல்லம். கொயில் மவுத்து, தம்பி."

கொயில் என்றால் சுருள். செத்துப்போனதை எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் மவுத்து என்றுதான் சொல்வார்கள். 

"ரெண்டு கொயில் இருக்கே நானா. ரெண்டுமா?"

"ரெண்டும் மவுத்துத்தான். முள்ளு அசையல்லயே."

"முந்தாநாள் வரைக்கும் ரெண்டும் நல்லா இருந்துச்சே."

"மவுத்து சொல்லிக்கிட்டா வாற?"

புதிதாகச் சுற்ற வேண்டும், அதற்குத் தலைமுடியைவிட மெல்லிய கம்பி வேண்டும், அது இப்போது எங்கேயும் கிடையாது, ஏதாவது பழைய டிரான்ஸ்போமரைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். "வெச்சிட்டுப் போங்க. இண்டைக்கு ஏலாது. அடுத்த கெழம பாப்போம்." அடுத்த கிழமை! அடுத்த கிழமை நான் ஹுன்னஸ்கிரியவில் பருப்பு நிறுத்துக்கொண்டிருப்பேன். கிட்டாரை அவர் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பாவம், அவர் என் பின்னாலேயே வந்து, போர்வையின் ஒரு மூலை சேற்றில் இழுபடுகிறது என்று எடுத்து என் தோளில் போட்டார்.

கண்டிக்குத் திரும்பும் பஸ் வந்து சேருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மகாவலி ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாஸோடு மனசுக்குள் சண்டை போட்டேன். அது எப்படி இரண்டும் ஒரே நாளில் சாகும்? ஒன்று போனால் நம்பலாம். இரண்டும் போவதென்றால் அவை பேசிவைத்துக்கொண்டல்லவா போயிருக்க வேண்டும்? ஆனாலும் மீட்டரின் முள் அசையவில்லை, அதையும் நான் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்குப் போய் வேறு சட்டை மாற்ற நேரம் இருந்தும் போகவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. ஹோட்டலில் உண்மையான அம்ப்ளிபயர் இருக்கிறது, அதில் கொழுவினால் ஒருவேளை உயிர் வரும் என்று ஓர் அசட்டு நம்பிக்கையில், நனைந்த சட்டையோடு மலை ஏறினேன்.

ஹோட்டலின் நடன மண்டபத்தில் எனக்கு முன்பே இன்னொருவன் வந்திருந்தான். பேராதனைப் பக்கத்துப் பையன். காலில் சப்பாத்து மினுமினுத்தது. குழுவின் தலைவர் டிரம்ஸ் அடிக்கிற ஒரு மலாய்க்காரர், நல்ல மனிதர். அந்தப் பையன் இரண்டு பாட்டு வாசித்தான். சுமார்தான். சத்தியமாகச் சொல்கிறேன், சுமார்தான். எனக்குப் பழக்கமான திருப்பங்களில் அவன் விரல் தடுமாறியது. நான் இதைவிட நன்றாக வாசிப்பேன் என்று தெரிந்தபோது சந்தோஷம் வர வேண்டுமே, வயிற்றெரிச்சல்தான் வந்தது.

"வாங்க தம்பி" என்றார் தலைவர்.

செருகினேன். தட்டினேன். அவ்வளவு பெரிய மண்டபத்தில் டிக் என்று கேட்டது.

யாரோ ஒருவர் இருமினார். தலைவர் அம்ப்ளிபயரின் திருகைக் கூட்டினார். ஒன்றுமில்லை.  கிட்டாரிலிருந்து பிளக்கை உருவி அதன் நுனியை விரலால் தொட்டேன். ஸ்பீக்கர் 'கர்ர்ர்' என்று அலறியது. அப்படியென்றால் அம்ப்ளிபயர் நல்லது, வயர் நல்லது. கோளாறு கிட்டாருக்குள் இருக்கிறது. இரண்டு சுருளும் ஒரே நாளில் சாகாது என்பதில் இன்னும் நான் உறுதியாக இருந்தேன். இரண்டுக்கும் பொதுவான வழி எது? பிளக் நுழைகிற அந்த ஒற்றைத் துளை. பாஸும் அதன் வழியாகத்தானே மீட்டரை வைத்துப் பார்த்தார்! கதவு அடைபட்டிருந்ததை வைத்து வீட்டுக்காரர் செத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார்.

பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நுனிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன்.

சந்தனம்.

ஒருவரிடம் தீக்குச்சி வாங்கித் துளைக்குள் விட்டுக் கிண்டினேன். காய்ந்த சந்தனம் கட்டி கட்டியாக உதிர்ந்தது. மேலே பூசியது உள்ளே சிந்தியதல்ல. வேண்டுமென்று வைத்து அழுத்தியது. உள்ளே இருக்கும் தகட்டில் அது சிமெந்துபோல இறுகியிருந்தது. சுரண்டச் சுரண்ட வந்தது. குழுவில் இருந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மறுபடியும் செருகித் தட்டியபோது சத்தம் வந்தது!

வந்தது, போனது, வந்தது. தகட்டில் மிச்சமிருந்த தூள் இடையில் புகுந்து விளையாடியது. நான் நன்றாகத்தான் வாசித்தேன். ஆனால் பாதிப் பாட்டு ஸ்பீக்கரிலும் பாதிப் பாட்டு என் விரலிலுமாக இருந்தது. தலைவர் கடைசிவரை கேட்டார். நடுவில் நிறுத்தச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

"நல்லா வாசிக்கிறீங்க தம்பி. பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா ஜோடி போட்டு ஆடுறவங்க, சத்தம் நிக்கிற நேரம் ஒத்தக் கால்ல நின்டுட்டு இருப்பாங்களா? இன்டைக்கு ராவைக்கே எனக்கு ஆள் வேணும்."

மினுமினுத்த சப்பாத்துக்காரன் அங்கேயே நின்றுகொண்டான். நான் மலையிறங்கினேன்.

இறங்கும்போதுதான் எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. அம்மா மோதிர விரலால் அழகாக ஒரு புள்ளி வைப்பாள். உள்ளே இருந்ததோ ஒரு கட்டைவிரல் அமுக்கி அடைத்த சந்தனம். எங்கள் வீட்டில் மாவு மூட்டையின் ஓட்டையை அடைக்கிற மாதிரி அழுத்துகிற கட்டைவிரல் ஒன்றுதான். டொங்கு டொங்கு எப்போது நிற்கும் என்று தினமும் கேட்டவர், கடைசியில் தானே நிறுத்திவிட்டார். அதுவும் சாமி பெயரால்.  அழுகை வந்தது, அதை மழைத் தண்ணீரோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன். வீதியில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, அப்பாவிடம் கேட்கப்போவதை எல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

அப்பா கடையில் தனியாக இருந்தார். பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தார். கிட்டாரைக் கல்லாவுக்கு முன்னால் இருந்த மேசையில் டமாரென்று வைத்தேன்.

"இதுல சந்தனத்த அடச்சது நீங்கதானே?"

"ஆமா" என்றார்.

மறுப்பார் என்று எதிர்பார்த்து நான் தயாரித்து வந்ததெல்லாம் வீணாகிவிட்டது. "ஏன்?" என்று கத்தினேன்.

அவர் கையிலிருந்த பலகையைச் சுவரில் சாய்த்தார். "ஏன்னா? பூசையில வச்சேன்ல. ராத்திரி முழுக்கத் தராசுக்குப் பக்கத்துல, காலையிலதான் எடுத்து உள்ள வச்சேன். நீதான் அந்தப் பக்கமே வரலியே." கிட்டார் அருகில் வந்து, குனிந்து, அந்தத் துளையைக் காட்டினார். "மத்த எடத்துல கொஞ்சம் கொஞ்சமாத்தான் வச்சேன். இதுதானே சத்தம் வர்ற வாயி? இன்னைக்கு நீ பெரிய எடத்துல வாசிக்கப் போறேன்னு அம்மா சொன்னா. அதான் நெறைய வச்சேன்."

  என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே தெரியவில்லை. 

"அது வாய் இல்லப்பா" என்றேன். "வயர் மாட்டுற எடம்."

"அப்ப சத்தம் எங்கேருந்து வருது?"

"ரேடியோவுலேருந்துதான். அதுலதான் ஸ்பீக்கர் இருக்கு."

"ரேடியோவுக்கும் வச்சேனே" என்றார் மெதுவாக. பிறகு துளையை இன்னொரு தடவை பார்த்தார். "கெட்டுப்போச்சா?"

"இல்ல. சொரண்டி எடுத்துட்டேன்."

"வேல?"

"வேற ஆளுக்குப் போயிருச்சு."

அவர் சாய்த்து வைத்த பலகையை எடுத்துக் கதவில் பொருத்திப் பார்த்தார், அது தப்பான பலகை, பொருந்தவில்லை, கழற்றி வேறொன்றை எடுத்தார். இருபது வருடமாக அவர் தினமும் அடைத்த கதவு. நான் உள்ளே போய் ஈரச் சட்டையை மாற்றிக்கொண்டேன். அன்றும் அடுத்த நாளும் எனக்குப் படுத்தாலும் இருப்புக்கொள்ளவில்லை, எழும்பினாலும் இருப்புக்கொள்ளவில்லை. பின்னறையில் கிட்டாரைப் பிரித்துத் தகட்டை மண்ணெண்ணெயில் துடைத்து, மறுபடியும் பூட்டி, வாசிக்காமல் வைத்தேன்.

சொன்னபடி அடுத்த கிழமை மாமா காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். அம்மா என் டிரங்குப் பெட்டியில் உடுப்புகளையும் ஒரு போத்தல் ஊறுகாயையும் வைத்துப் பூட்டி, கடை வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தாள். மாமா பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "கனமில்லயே, போவோம்" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அப்பா ஒருவருக்குச் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். தராசின் முள்ளைப் பார்த்தபடியே, "மாப்பிள, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. அவன் வரல" என்றார்.

"என்ன மச்சான்? அந்த ஹோட்டல்ல எடுத்துட்டாங்களா?"

"இல்ல."

"பெறகு?"

"அவனுக்குத் தொழில் இருக்கு."

மாமா என்னைப் பார்த்தார். என்ன தொழில் என்று அவர் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அன்றைக்கு இந்த ஊரில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அப்பா சீனிப் பொட்டலத்தை நூலால் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். குனிந்து என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.